இல்லத்திலிருந்து எழுந்த பொதுத்தொண்டு

உத்தியோகம் பார்த்து வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியை நினைவுகூரும் கூட்டங்களில் பேசுகிறவர்கள், அவர் வகித்த பதவிகளையும் பெற்ற கௌரவங்களையும் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகு, இத்தனைக்கும் நடுவே அவர் தம் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் பராமரித்தார் என்று ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சேர்ப்பது நம்மிடையே சம்பிரதாயமாகிவிட்டது. கேட்பதற்கு அது புகழ்ச்சியாகவே இருக்கிறது. ஆயினும் தொழில் ஒரு பக்கம், குடும்பம் இன்னொரு பக்கம், ஊருக்குச் செய்த உபகாரம் மிஞ்சிய நேரத்தில் செய்த தர்மம் என்று ஒரே ஜீவியத்தை மூன்று கூறாக்கிப் பார்க்கும் மனோபாவம் அதில் மறைந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சரித்திரத்தை ஊன்றிப் படிக்கிறவர்களுக்கு, அப்படிப் பிரிப்பது அவர் விஷயத்தில் சாத்தியமே இல்லை என்பது விளங்கும். அவர் பிறந்த ஜூலை 30-ஆம் தேதியைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாக அறிவித்திருக்கும் இக்காலத்தில், இதைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது அவசியமென்று நினைக்கிறேன்.

1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய நாராயணசாமி ஐயருக்கும், தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்த அவர், அந்நாளைய சமூகம் தம் தாயின் குலத்தை எந்தக் கண்கொண்டு பார்த்தது என்பதைப் புத்தகங்களின் வாயிலாக அறியவில்லை. தம் வீட்டுத் திண்ணையிலேயே அறிந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எழுந்த ஆட்சேபங்களை மன்னர் ஒதுக்கித் தள்ளி அனுமதியளித்ததும், 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் அவர் பட்டம் பெற்றதும் பலரும் அறிந்தவையே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது, தம்மைச் சரிசமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று அவர் நிபந்தனை விதித்ததையும், அந்த நிபந்தனையை ஏற்று மணந்த கணவர் பின்னாளில் அவருடைய பொதுவாழ்வுக்கு உற்ற துணையாக இருந்ததையும் மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பெண்ணின் தொண்டைப் போற்றுகிற நாம், அத்தொண்டுக்கு இடமளித்த இல்லறத்தின் தன்மையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

1926-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், பெண் குழந்தைகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கக் கொண்டுவந்த தீர்மானத்தைச் சீர்திருத்தவாதிகளின் பொதுவான ஆவேசம் என்று எண்ணுவது போதாது. தாசிகள் கோயில் ஊழியத்துக்கு ஈடாக அனுபவித்துவந்த இனாம் நிலங்களை, அவ்வூழியத்திலிருந்து அவர்களை விடுவித்து அவர்களுக்கே உரியதாக்க 1929-இல் நிறைவேறிய சட்டம், அந்தப் பெண்களின் ஜீவனத்தைப் பற்றி உள்ளிருந்து யோசித்த ஒருவருக்கே தோன்றியிருக்கக்கூடியது. அந்த மரபின் பெண்களிலேயே ஒரு சாரார் இச்சீர்திருத்தத்தை எதிர்த்து மனுக்கள் கொடுத்தார்கள் என்பதையும், அவர்கள் போற்றிவந்த நாட்டியமும் சங்கீதமும் என்னவாகும் என்ற அவர்களுடைய கவலை நியாயமானதே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விவரம் அறியாத வயதில் ஒரு சிறுமியின் ஆயுளை நிர்ணயித்துவிடும் உரிமை யாருக்கும் இல்லை என்ற அவருடைய கட்சியே என் மதிப்பில் வலுவானது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் அவர் சட்டசபையைத் துறந்தார்; பொட்டுக்கட்டுதலை அறவே தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது.

சட்டம் வருவதற்குள்ளாகவே, அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த பெண்கள் அவருடைய வாசலில் அடைக்கலம் கேட்டு நின்றார்கள். மற்ற விடுதிகள் அவர்களை ஏற்கத் தயங்கவே, அவர் தம் வீட்டையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். அடையாற்றில் இன்றும் நடைபெற்றுவரும் ஔவை இல்லம் இவ்விதமாகத்தான் உதயமாயிற்று.

எல்லாவற்றிலும் என் நெஞ்சை மிகவும் ஆட்கொள்வது அவருடைய தங்கை சுந்தராம்பாளின் மரணம். இளம் வயதிலேயே புற்றுநோய் கண்டு, வைத்தியரான தமக்கை அருகிலிருந்தும் காப்பாற்ற வழியின்றி அவர் மாண்டுபோன துக்கத்தைத் தெய்வ சங்கற்பம் என்று ஒதுக்கிவைக்க முத்துலட்சுமி அம்மையாரால் இயலவில்லை. 1925-இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது இந்நோயின் சிகிச்சை முறைகளைக் கவனித்தறிந்தார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று பகிரங்கமாக வேண்டினார். இந்நோய் வந்தவருக்கு மரணம் நிச்சயம், அதற்குச் சிகிச்சை எதற்கு என்று படித்தவர்களே எண்ணியிருந்த காலம் அது. அரசாங்கத்தின் கதவுகள் எளிதில் திறக்காதபோதும் சலியாமல், இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டி, 1952-இல், தம் அறுபத்தாறாம் வயதில், நேருவைக் கொண்டு அடையாற்றில் அஸ்திவாரக் கல் நாட்டச் செய்தார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிற்று. அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைத் தம் ஆயுட்காலப் பணியாக ஏற்றுக்கொண்டார். 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் காலமாகும் வரையில் அந்த வளாகத்தையே தம் வீடாகக் கொண்டிருந்தார்.

தாய் பட்ட அவமானம் சட்டமாயிற்று. தங்கையின் மரணம் ஆஸ்பத்திரியாயிற்று. இவற்றில் எதைக் குடும்பக் கடமை என்றும் எதைப் பொதுத்தொண்டு என்றும் பிரிப்பது?

கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருப்பதால், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட அப்பெயர் தினந்தோறும் உச்சரிக்கப்படுகிறது; அது மிகப் பொருத்தமானதே. ஆனால் நம் பாடப் புத்தகங்களும் விழா மேடைகளும் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர், முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்ற பட்டியலோடு நின்றுவிடுகின்றன. வருகிற ஜூலை 30 அன்று நம் மருத்துவமனைகளில் அவருடைய படத்துக்கு மாலையிடுகிறவர்கள், கூடியிருக்கும் இளம் மருத்துவ மாணவிகளிடம் சந்திரம்மாளின் பெயரையும் சுந்தராம்பாளின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.