ஆடலரங்கு என்ன, புத்தொழில் நிறுவனமா?



“கலைஞர்கள் இனியும் மானியத்திற்கும் நன்கொடைக்கும் கையேந்திக் கொண்டிருக்கக் கூடாது. அவர்கள் தொழில்முனைவராக மாற வேண்டும். முதலீட்டாளரைத் தேட வேண்டும். நடனப்பள்ளியும் நாடகக் குழுவும் ‘ஸ்டார்ட்-அப்’ எனப்படும் புத்தொழில் நிறுவனங்களைப் போல் இயங்க வேண்டும்.”

இந்த அறிவுரை இப்போது பட்டறைகளிலும் கருத்தரங்குகளிலும் தாராளமாக வழங்கப்படுகிறது. கேட்பதற்குத் தன்மானம் மிக்க பேச்சாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நடனமும் நாடகமும் பயிற்றுவிப்போருள் சிலரும் பெற்றோருள் பலரும் இதனை நம்பத் தொடங்கியுள்ளனர். நான் நம்பவில்லை. காரணங்களை அடுக்குகிறேன், பொறுமையுடன் படித்துப் பாருங்கள்.

முதலீட்டாளர் எதிர்பார்ப்பது என்ன?

புத்தொழிலுக்குப் பணம் தருபவர் வள்ளல் அல்லர். அவர் கடன் கொடுப்பதில்லை. நிறுவனத்தின் உடைமையில் ஒரு பங்கை வாங்குகிறார். பத்து நிறுவனங்களில் பணம் போட்டால் பெரும்பாலானவை தோற்றுவிடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஒன்றிரண்டு மட்டும் பன்மடங்காகப் பெருகி, மற்றவற்றின் இழப்பையெல்லாம் ஈடுகட்ட வேண்டும். பின்னர் தம் பங்கை நல்ல விலைக்கு விற்றுவிட்டு அவர் வெளியேற வேண்டும். இதுதான் அந்த முறையின் சூத்திரம்.

கணினி மென்பொருளுக்கு இது பொருந்தும். ஒருமுறை எழுதிய மென்பொருளைப் பத்து இலட்சம் பேருக்கு விற்கலாம். அடுத்த படிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஆடலுக்கு இது பொருந்துமா? பரதநாட்டியக் கச்சேரியின் அமைப்பை 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தினர். அன்று ஒரு வர்ணத்தை ஆட எவ்வளவு நேரமும் எத்தனை பேரும் தேவைப்பட்டனவோ, இன்றும் ஏறத்தாழ அவ்வளவே தேவைப்படுகின்றன. ஆடுபவர், நட்டுவனார், பாடகர், மிருதங்கக் கலைஞர், வயலின் கலைஞர் ஆகிய எவரையும் குறைக்க இயலாது. வர்ணத்தை இருமடங்கு வேகத்தில் ஆடி நேரத்தை மிச்சப்படுத்தவும் இயலாது.

இந்த உண்மையைப் பொருளியலாகவே எழுதி வைத்தவர்கள் அமெரிக்கரான வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும். 1966இல் வெளிவந்த அவர்களது நூல் நிகழ்கலைகளின் பொருளியல் இக்கட்டைப் பற்றியது. தொழிற்சாலையில் எந்திரங்களால் உற்பத்தி பெருகுகிறது, ஊதியமும் உயர்கிறது. நால்வர் கூடி வாசிக்கும் இசைக்கோ இன்றும் அதே நால்வர் வேண்டும். அதே நேரம் வேண்டும். ஆயினும் அந்த நால்வரும் மற்றவர்களைப் போலவே வீட்டு வாடகை கட்ட வேண்டுமல்லவா? ஆகவே கலைநிகழ்ச்சியின் செலவு ஆண்டுதோறும் ஏறும். வருவாய் அதற்கு ஈடுகொடுக்காது. இது கலைஞரின் சோம்பலால் வந்த குறையன்று. தொழிலின் இயல்பிலேயே இருக்கும் இடைவெளி. எந்த வணிகத் திட்ட அறிக்கையும் இதனை மூடாது.

“பிராட்வேயைப் பாருங்கள்” என்போருக்கு

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் முதலீட்டாளர்கள் பணம் போடுவது உண்மைதான். 2015இல் 1 கோடியே 25 இலட்சம் டாலர் முதலில் அங்கு மேடையேறிய ‘ஹாமில்டன்’ பெரும் இலாபம் ஈட்டியது. ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’ 1988 முதல் 2023 வரை 13,981 முறை அங்கு நடந்தது. ஆனால் ஏறத்தாழ 7½ கோடி டாலர் விழுங்கிய ‘ஸ்பைடர்மேன்’ இசைநாடகம் போட்ட பணத்தை மீட்காமலேயே 2014 சனவரியில் மூடப்பட்டது. இதனைச் சொல்ல மட்டும் நம் அறிவுரையாளர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஒரே நாடகத்தை வாரத்திற்கு எட்டுக் காட்சிகளென ஆண்டுக்கணக்கில் நடத்தவும், சுற்றுப்பயணிகள் வெள்ளமெனத் திரண்டு வந்து அரங்கை நிரப்பவும் நியூயார்க்கால் முடியும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு தமிழ் நாடகம் வார இறுதியில் இரண்டு மூன்று காட்சிகள் கண்டாலே பெருஞ்செயல். எதனோடு எதனை ஒப்பிடுகிறோம்?

நம் வரலாறு சொல்லும் பாடம்

அமெரிக்காவை விடுவோம். முதல்போட்டு இலாபம் பார்க்கும் நாடகத் தொழிலைத் தமிழர் அறியாதவர்களா? சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தனர். அக்காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றன. தமிழ் நாடகக் குழுக்கள் கப்பலேறி இந்த மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் கூட வந்தன. நுழைவுச்சீட்டு விற்பனையே அவற்றின் உயிர்.

1931இல் ‘காளிதாஸ்’ வந்தது. தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. ஒரு படத்தை ஒருமுறை எடுத்து, படிகள் போட்டு, நூறு ஊர்களில் ஒரே நாளில் காட்டலாம். நாடகத்தை அவ்வாறு காட்ட முடியுமா? முடியாது. முதல் எங்கே பெருகுமோ அங்கே ஓடியது. கூடவே நடிகர்களும் போயினர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர். சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் வளர்ந்தவர். என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களுடன் நடித்தவர். பயிற்சிச் செலவை நாடகமேடை சுமந்தது; அறுவடையைத் திரைப்படம் செய்துகொண்டது.

கவனியுங்கள்: முதலீட்டாளர் எவரும் இங்குத் தவறிழைக்கவில்லை. முதலீட்டாளர் செய்ய வேண்டியதைத்தான் செய்தனர். அதனால்தான் அவர்களை நம்பிக் கலையை ஒப்படைக்கக் கூடாது என்கிறேன்.

வகுப்பறைக்கு வருவோம்

ஒரு நடனப்பள்ளிக்கு ஆண்டுதோறும் வளர்ச்சி காட்டவேண்டிய கட்டாயம் வந்தால் என்ன நிகழும்? மாணவர் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஒரே வகுப்பில் பத்துப் பேர் இருந்த இடத்தில் நாற்பது பேரை நிறுத்த வேண்டும். அரைமண்டி சரியாக அமையாத பிள்ளைக்கும் விரைவில் அரங்கேற்றம் செய்துவைப்பதாகப் பெற்றோரிடம் உறுதி கூற வேண்டும். ‘இவளுக்கு இன்னும் இரண்டாண்டுப் பயிற்சி வேண்டும்’ என்று உண்மை சொல்லும் குருவுக்கு அந்தக் கணக்கேட்டில் இடமில்லை.

பெற்றோரே, அங்கு வீணாவது முதலீட்டாளரின் பணமன்று. உங்கள் பிள்ளையின் ஆண்டுகள்!

ஆடக் கற்கும் முன்பே தன்னை விற்கக் கற்ற பிள்ளையை நாம் கலைஞர் என்போமா?

ஏற்க வேண்டியதும் உண்டு

தொழில்முனைவோரிடம் கற்கத்தக்கவை இல்லாமலில்லை. வரவுசெலவுக் கணக்கை ஒழுங்காக எழுதுதல், ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுதல், தம் உழைப்புக்கு உரிய விலையைக் கூசாமல் சொல்லுதல், உடன் வாசித்தவருக்கு அன்றே ஊதியம் கொடுத்தல் ஆகியவை எல்லாக் கலைஞருக்கும் வேண்டும். இவை நல்ல நிருவாகம். நிருவாகம் வேறு, உடைமையில் பங்கை விற்பது வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

மலேசிய அரசு 2012இல் 200 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கி, படைப்புத் தொழில்களுக்குக் கடனும் பங்கு முதலீடும் வழங்க ‘மைகிரியேட்டிவ் வென்ச்சர்ஸ்’ நிறுவனத்தை அமைத்தது. 2017இல் ‘செண்டானா’ அமைக்கப்பட்டது. அது கலைஞர்களுக்கு மானியங்களை வழங்கியது. கடனும் முதலீடும் மட்டும் போதா என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சிங்கப்பூரில் 2013இல் 200 மில்லியன் வெள்ளியுடன் பண்பாட்டுக்கான இணைநிதி தொடங்கப்பட்டது. கலை அறநிறுவனம் மக்களிடம் திரட்டும் ஒவ்வொரு வெள்ளி நன்கொடைக்கும் அரசு ஒரு வெள்ளி ஈடாகத் தருவது அதன் அடிப்படை. மக்கள் முதலில் கொடுத்தால்தான் அரசும் கொடுக்கும். இதில் எவரும் கலைக்குழுவின் உடைமையை வாங்குவதில்லை.

நம்மவர் கண்ட வழிகளும் உள. சென்னைச் சபாக்கள் உறுப்பினர் சந்தாவில் வளர்ந்தன. 1981இல் கோலாலம்பூரில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய நுண்கலைக் கோயிலின் குடும்பத்தைச் சேர்ந்த அன்னலட்சுமி உணவகம், விரும்பியதை உண்டு, மனம்போல் கொடுத்துச் செல்லும் முறைக்குப் பெயர்பெற்றது. எந்த முதலீட்டாளரும் இத்திட்டத்தைக் கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் தொண்டர்களின் உழைப்பும் உண்டவர்களின் நன்றியும் அதனைத் தாங்கின.

நாம் செய்யவேண்டியவை

கலைஞர் முதலீட்டாளரைத் தேடி ஓடுவது ஏன்? பார்வையாளராகிய நாம் பணம் கொடுப்பதில்லை என்பதால்தான். மகளின் அரங்கேற்றத்திற்குப் பல்லாயிரம் ரிங்கிட் செலவழிக்கும் குடும்பம், அதே மகளின் குரு ஆடும் நிகழ்ச்சிக்கு 30 ரிங்கிட் சீட்டு வாங்க மறுக்கிறது. ‘அழைப்பிதழ் இல்லையா?’ என்று கேட்கிறது. ஆகவே என் வேண்டுகோள்கள்:

1. ஆண்டுக்கு இரண்டு நிகழ்ச்சிகளுக்கேனும் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிப் பிள்ளைகளுடன் செல்லுங்கள். இலவசச் சீட்டுக் கேட்காதீர்கள்.

2. பள்ளி விழாவுக்கும் சங்க விழாவுக்கும் கலைஞரை அழைக்கும்போது ஊதியத்தை முன்னரே எழுத்தில் உறுதி செய்யுங்கள். ‘மேடை தருகிறோம்’ என்பது ஊதியமன்று. பொன்னாடைக்கும் மாலைக்கும் ஒதுக்கும் பணத்தை மிருதங்கக் கலைஞருக்குக் கொடுக்கலாம்.

3. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சில ஒன்றுசேர்ந்து, ஆண்டுச் சந்தா அடிப்படையில் ஒரு நாடகக் குழுவையோ நடனக் குழுவையோ ஆதரிக்கலாம். இருநூறு குடும்பங்கள் ஆளுக்கு 50 ரிங்கிட் தந்தால் 10,000 ரிங்கிட். பங்கும் வேண்டா, வட்டியும் வேண்டா.

4. நடன ஆசிரியரிடம் ‘அரங்கேற்றம் எப்போது?’ என்று கேட்பதற்கு முன், ‘என் பிள்ளை எதில் இன்னும் தேற வேண்டும்?’ என்று கேளுங்கள்.

இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெற்றோரும் ஆசிரியரும் சீட்டு வாங்கும் பார்வையாளராக மாறிவிட்டால், எந்தக் கலைஞரும் முதலீட்டாளர் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. அதைச் செய்யாமல் கலைஞரைப் பார்த்துத் ‘தொழில்முனைவராகுங்கள்’ என்று அறிவுரை கூறுவது, நம் கடமையைத் தட்டிக் கழிக்கும் நாகரிகமான வழி. அவ்வளவே.

சிந்திப்போம், செயல்படுவோம்!