வீட்டுத் திரையும் விலைபேசப்படும் தெளிவும்

யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்க இல்லங்களின் முன்விறாந்தையை அடுத்த அறையில் இன்று தலையாய இடத்தைப் பெற்றிருப்பது சுவரை அடைத்து நிற்கும் தொலைக்காட்சித் திரையாகும். ஒரு தலைமுறைக்கு முன்னர் அவ்விடத்திலே மூத்த பிள்ளையின் பட்டமளிப்பு விழாப் புகைப்படம் தொங்கியது. வருவோர் அதனைப் பார்த்து நலம் விசாரித்தனர். இன்று வருவோர் வினவுவது, "எத்தினை இஞ்சி?" என்பதே. "ஐம்பத்தைஞ்சு, 4கே" என்று பெருமிதத்தோடு விடை வருகின்றது. அதிலே என்ன படம் பார்க்கின்றீர்கள் என்று கேட்பார் இலர். கேட்கப்படாத இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வீட்டிலிருந்து படம் பார்த்தல் குறித்து எம்மிடையே இரு கட்சியினர் உளர். தெளிவு என்பது கடையிலே விலைக்குக் கிடைக்கும் பொருள் என நம்புவோர் ஒரு சாரார். வீட்டுத் திரை வந்ததனால் சினிமாவே அழிந்தது என்றும், பழைய 'டெக்' காலமே பொற்காலம் என்றும் பெருமூச்சு விடுவோர் மறு சாரார். பின்னவருள் எமது விரிவுரையாளர் சிலரும் அடங்குவர். மரியாதையோடு கூறுகின்றேன்: இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது சாராரை நோக்குவோம். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் மாமா எமக்கொரு பெருந்திரையை வாங்கித் தந்தார். முதல் நாள் மாலை அயலவர் கூடினர். கையடக்கச் சேமிப்புக் கோலிலே யாரோ கொண்டுவந்த படம் ஓடிற்று. "கண்ணாடி மாதிரித் தெரியுது, பார் பிள்ளை" என்றார் மாமா. நான் பார்த்தேன். கதாநாயகியின் முகம் மெழுகிலே வார்த்தது போலிருந்தது. இருட்காட்சிகளிலே கறுப்புச் சதுரங்கள் நெளிந்தன. கோப்பின் பெயரிலே மட்டும் 'எச்.டி.' என்ற எழுத்துகள் துலங்கின.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? முழு உயர்துல்லியம் எனப்படுவது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகளைக் கொண்ட படம். 4கே என்பது 3840க்கு 2160. அஃதாவது புள்ளிகள் நான்கு மடங்கு. ஆயின் குறைபாடற்ற கண்ணும் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கினும் சிறிய இடைவெளியைப் பிரித்தறிவது அரிது. கணக்கிட்டுப் பார்ப்பின், 55 அங்குலத் திரையிலே ஏறத்தாழ 7 அடிக்கு அப்பாலிருந்து நோக்குபவருக்கு 1080 வரிப் படத்தின் புள்ளிகளே ஒன்றோடொன்று கலந்துவிடும். எமது வீட்டுக் கதிரைகள் 12 அடி தள்ளிக் கிடக்கின்றன. மேலதிகப் புள்ளிகளுக்காக மாமா கொடுத்த பணம் அந்த இடைவெளியிலே கரைந்து போயிற்று.

இதனினும் முக்கியமானது படத்தின் ஊற்றுக்கண். புளூ-றே இறுவட்டொன்று ஒற்றைப் படையில் 25 கிகாபைற்றும் இரட்டைப் படையில் 50 கிகாபைற்றும் கொள்ளும். இணையவழியே விநாடிக்கு 5 மெகாபிற் வேகத்திலே வரும் மூன்று மணி நேரப் படம் 7 கிகாபைற்றுக்கும் குறைவு. கைமாறித் திரியும் திருட்டுப் பிரதியோ ஒரு கிகாபைற்றுக்குள் நசுக்கப்பட்டிருக்கும். மூன்றிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். அப்புள்ளிகளிலே எஞ்சியிருக்கும் செய்தி ஒன்றல்ல. கலங்கிய குளத்து நீரை வெள்ளிச் செம்பிலே மொண்டால் அது தெளிந்துவிடுமா? போதாக்குறைக்கு, விநாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படத்தினிடையே தொலைக்காட்சிப் பெட்டி தானே கற்பித்த சட்டங்களைச் செருகி, தேர்ந்த ஒளிப்பதிவையும் தொலைக்காட்சி நாடகம் போலாக்கி விடுகின்றது. அவ்வசதியை நிறுத்துவதற்குப் பெட்டியிலே வழியுண்டு. நிறுத்தியவரை நான் கண்டதில்லை.

இனி, மறு சாராரிடம் வருவோம். 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்தது. எரிபொருளுக்குத் தடை. அக்காலத்திலே தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் மின்பிறப்பாக்கியையும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெயிலே இயக்கி, விடிய விடியப் படம் பார்த்த கதையை எமது பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்த நாடாவிலே மழை பெய்வது போன்ற படம். ஆயினும் ஒழுங்கை முழுவதும் ஒன்றாக இருந்து பார்த்தது என்பர். அக்கூட்டு வாழ்வின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால், ஒழுங்கை முழுவதும் என்பது யாரை உள்ளடக்கியது? முற்றத்திலே பாய் விரித்து இருந்தவர் யாவர்? படலைக்கு வெளியே நின்று வேலிக் கண்ணுக்குள்ளால் பார்த்தவர் யாவர்? விருந்தினருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு குசினிக்குள் நின்று வசனத்தை மட்டும் கேட்ட பெண்கள் எத்தனை பேர்? என் அம்மம்மா ஒரு படத்தின் கதையை முழுமையாகச் சொல்வார்; அப்படத்திலே ஒரு காட்சியையேனும் அவர் கண்டதில்லை. பொற்காலம் என்போர் இதற்கு விடை கூறிய பின்னரே பெருமூச்சு விடுதல் தகும்.

திரையரங்குக்குப் போ என்பதும் எளிய அறிவுரையே. நகரிலே திரையரங்குகள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் ஓடுவன தமிழகத்து நட்சத்திரப் படங்கள். வடமராட்சியிலிருந்தோ தீவகத்திலிருந்தோ வரும் மாணவி இரவுக் காட்சி முடிந்து எந்தப் பேருந்திலே வீடு திரும்புவாள்? ஆதலின் வீட்டுத் திரையைப் பழிப்பதிலே பொருளில்லை. பலருக்கு அதுவே ஒரேயொரு திரை.

உண்மையான வழக்கு வேறிடத்திலே உள்ளது. தர்மசேன பத்திராஜ எமது வளாகத்திலே விரிவுரையாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்தின் சாதியையும் சீதனத்தையும் பேசுகின்ற 'பொன்மணி'யை அவர் 1977 இலே தந்தார். அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' வெளிவந்தது. 1983 யூலை வன்செயலிலே ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டபோது படச்சுருள்கள் பல அழிந்தன. இன்று நடிகர் ஒருவரின் புதுப்படத்தை வியர்வைத் துளி தெரியுமளவுக்குத் துல்லியமாகப் பார்க்கின்ற நாம், எமது மண்ணை, எமது பனந்தோப்பை, எமது கடற்கரையைக் காட்டிய படங்களை எவ்வளவு தெளிவாகப் பார்க்கின்றோம்? பொன்மணியை நான் பார்த்தது மடிக்கணினியிலே, மங்கிய பிரதியொன்றில். தூரத்தே நடப்பவர் ஆணா பெண்ணா என்பதும் புலப்படவில்லை. உயர்துல்லியம் ஆடம்பரமன்று என நான் வாதிடுவது இதனாலேயே. நிலமும் முகமும் தெரியாதவிடத்து அப்படம் பேசுகின்ற சாதியும் வர்க்கமும் தெரியா.

இது இயலாத காரியமுமன்று. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' மீட்டெடுக்கப்பட்டு 2013 இலே வெனிஸ் விழாவிலே காட்டப்பட்டது. சுமித்ரா பீரிஸ் 1978 இலே எடுத்த 'கெஹெணு லமாய்' மும்பாயின் திரைப்பட மரபுரிமை அமைப்பொன்றின் முயற்சியால் மீட்கப்பட்டு 2025 இலே கான் விழாவுக்குச் சென்றது. அதே நாட்டில், அதே பத்தாண்டில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களுக்காக வாதாட எவர் முன்வந்தனர்? அங்குலத்துக்கு அங்குலம் பணம் கொட்டும் புலம்பெயர்ந்த உறவினருள் ஒருசிலர் பெட்டிக்குப் பதிலாகப் படச்சுருளுக்குச் செலவிட்டிருப்பின் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

அப்படியாயின் வீட்டுக்கு எதனை வாங்குவது என்று என்னிடம் கேட்கும் தோழியருக்கு நான் கூறுவது இது. அறை சிறிதாயின் 32 அல்லது 43 அங்குல முழு உயர்துல்லியத் திரை போதும். கதிரையை முன்னே இழுத்து, யன்னற் சீலையை மூடுங்கள். மிஞ்சும் பணத்திலே நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்குங்கள். மெல்லிய பெட்டியின் முதுகிலிருந்து வரும் சத்தத்திலே வசனம் பாதி தொலைகின்றது. திருட்டுப் பிரதியை விடுத்து, அசல் இறுவட்டையோ முறையான இணையச் சந்தாவையோ தெரிவுசெய்யுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று. திருடியதை நசுக்கித்தான் தருகிறார்கள். கடனட்டை இல்லாத வீட்டிலே சந்தா எவ்வாறு என்ற கேள்வி நியாயமானது. அங்கேதான் ஊர்ச் சனசமூக நிலையம் முன்வர வேண்டும். பத்திரிகைக்குச் செலவிடும் நிலையம் ஒரு படவெறிகருவிக்கும் செலவிடலாம். காட்சிக்கு உரிய அனுமதியையும் அதுவே பெறலாம். வெள்ளையடித்த சுவர் எல்லா ஊரிலும் உண்டு. முன்வரிசையிலே யார் இருப்பது என்பதை மட்டும் இம்முறை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வோம்.

தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவுக்குத் தமிழகத்திலிருந்து நட்சத்திரப் பேச்சாளரை அழைப்பதற்கு ஒதுக்கும் தொகையிலே ஒரு பகுதியையேனும் இவ்வாண்டு எடுத்துவைத்து, பொன்மணியின் மிகச் சிறந்த பிரதி எவரிடம் உள்ளதென விசாரித்து, உரிமையாளரின் இசைவோடு அதனைக் கைலாசபதி கலையரங்கிலே திரையிடுங்கள். மாமா வாங்கித் தந்த பெட்டியை அன்று மாலை அணைத்துவிட்டு அம்மம்மாவையும் அழைத்து வருவேன்.