இலத்தீன் இல்லாத இலத்தீன் பேட்டை

பாரிசு மாநகரில், சேன் ஆற்றின் தென்கரை மேட்டிலும் அதன் சரிவிலும் அமைந்த மாணவர் பகுதிக்கு 'இலத்தீன் பேட்டை' என்று பெயர். உலகெங்குமிருந்து அங்குச் செல்வார் காண்பவை, நள்ளிரவிலும் விளக்கணையாத குளம்பிக் கடைகள், உசேத்துத் தெருவின் நிலவறை இசைக்கூடம், பழம்பொத்தகக் கடைகள், சந்துதோறும் மணக்கும் உணவகங்கள் ஆகியவையே. கண்டு களித்து மீள்வாருள், அப் பெயர் ஏன் வந்தது, அம் மொழி ஏன் போயிற்று என்று வினவுவார் மிகச் சிலர். தமிழர் கருதத்தக்க செய்தியோ அவ் வினாவிலேதான் அடங்கியுள்ளது.

1200-ஆம் ஆண்டில் பிலிப்பு அகத்தசு மன்னன் பாரிசு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிமைப் பட்டயம் வழங்கினான். 1257-இல் இராபர்ட்டு தெ சோர்பன் ஏழை மாணவர்க்கென நிறுவிய கல்லூரியே பின்னர்ச் சோர்பன் எனப் புகழ்பெற்றது. வைக்கோல் தெரு என்றே ஒரு தெரு இன்றும் ஆங்குண்டு. வைக்கோல் பரப்பிய தரையில் மாணவர் அமர்ந்து பாடங்கேட்டதால் வந்த பெயர் அது. கேட்ட பாடம் இலத்தீன். எழுதிய ஏடு இலத்தீன். செய்த சொற்போர் இலத்தீன். விடுதிக்குள்ளும் இலத்தீனிலேயே பேசவேண்டுமென்று கல்லூரிகள் கட்டளையிட்டன. பிரான்சு நாட்டின் முதல் அச்சகம் 1470-இல் சோர்பனில் அமைந்தது. அதில் முதலில் அச்சேறியதும் இலத்தீன் நூலே. சரிவின் கீழே அப்பம் விற்றவளும் படகோட்டியவனும் பேசிய பிரெஞ்சு, மேட்டின்மேல் இருந்தார்க்கு எளியோர் பேச்சாய்ப் பட்டது.

இலத்தீனால் நன்மையே விளையவில்லை என்பது நேர்மையன்று. இத்தாலியினின்று தாமசு அக்குவினாசும், செருமானிய நாட்டினின்று பெரிய ஆல்பர்ட்டும் அங்கு வந்து கற்பித்தது அப் பொதுமொழியாலேயே. ஆயினும் அப் பொதுமை கற்றோர்க்குள் மட்டுமே பொதுமை. அதனை ஈன்ற நாட்டு மக்களுக்கோ அஃது அடைத்த கதவு.

கதவைத் திறந்தது எது? அரசாணை என்பர் பலர். 1539-இல் பிரான்சுவா மன்னன், வழக்குமன்றத் தீர்ப்புகளும் ஆவணங்களும் பிரெஞ்சிலேயே எழுதப்படல் வேண்டுமென்று ஆணையிட்டது உண்மையே. ஆனால் அவ் வாணை வழக்குமன்றத்தைத் திருத்தியதேயன்றி வகுப்பறையைத் தீண்டவில்லை. வகுப்பறையை அசைத்தவர் அப் பேட்டையின் மாணவரே. கொக்கரே கல்லூரியில் தோரா என்னும் ஆசானிடம் கிரேக்கமும் இலத்தீனும் பழுதறக் கற்ற இளைஞர் சிலருள் உரோன்சாரும் துய் பெல்லேயும் இருவர். 1549-இல் துய் பெல்லே வெளியிட்ட 'பிரெஞ்சு மொழியின் காப்பும் விளக்கமும்' என்னும் நூல், உயர்ந்த பாட்டும் உயர்ந்த கருத்தும் தாய்மொழியில் இயலும் என்று முழங்கிற்று. இலத்தீன் அறியாதவன் வாயிலிருந்து அச் சொல் வந்திருப்பின் அஃது இயலாதவன் சொல்லென்று எள்ளப்பட்டிருக்கும். அம் மொழியில் கரைகண்டவனே கூறியதால் எள்ள வழியில்லாது போயிற்று.

இவ்விடத்து ஒன்று தெளிவுறுத்தற்குரியது. துய் பெல்லே குழுவினர் கிரேக்கச் சொற்களையும் இலத்தீன் சொற்களையும் தாராளமாய் எடுத்தாண்டனர். இதனைச் சான்றாகக் காட்டித் தமிழிலும் வடசொற் கலக்கலாம் என்பார் உளர். பிரெஞ்சு இலத்தீனின் மகள். மகள் தாய்வீட்டிற் பொருளெடுத்தாள். தமிழோ வடமொழிக்கு மகளன்று. ஆதலின் அவ் வொப்புமை இங்குச் செல்லாது.

பாட்டினும் அரியது மெய்யியல். அப் பேட்டையின் பிரேல் கல்லூரித் தலைவராயிருந்த பியேர் தெ லா இராமே, 1555-இல் ஏரண நூலொன்றைப் பிரெஞ்சில் எழுதினார். அன்று அது பெருந்துணிவு. 1572-இல் நிகழ்ந்த சமயப் படுகொலையில் அவர் அப் பேட்டையிலேயே கொல்லப்பட்டார், மொழிக்காகவன்று, சமயத்திற்காக. 1637-இல் தேக்கார்த்து தம் மெய்யியல் உரையை பிரெஞ்சில் வெளியிட்டபோது, பழைய ஏடுகளை மட்டும் நம்புவாரினும் தம் இயற்கையறிவைக் கொண்டு எண்ணுவாரே தம் கருத்தை நன்கு ஆய்வர் என்று காரணமும் கூறினார்.

இத்துணை நடந்தும் சோர்பன் எளிதில் இளகவில்லை. முனைவர் பட்டத்திற்கு இரண்டு ஆய்வேடுகள் வேண்டும். அவற்றுள் ஒன்று இலத்தீனில் அமையவேண்டும் என்ற நெறி நெடுங்காலம் நின்றது. மெய்யியலறிஞர் பெர்க்சன் 1889-இல், அரித்தாட்டில் இடத்தைப் பற்றிக் கொண்ட கருத்தை இலத்தீனில் எழுதி அளித்தார். குமுகவியலின் தந்தையருள் ஒருவரான துர்க்கைம், மாந்தெசுக்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞரைப் பற்றிய தம் ஏட்டை 1892-இல் இலத்தீனில் அச்சிட்டார். பிரெஞ்சுக்காரனைப் பற்றிப் பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்திற்கு எழுதியது செத்த மொழியில்! அந் நெறி நீக்கப்பட்டது 1903-இல். துய் பெல்லே முழங்கியதற்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 354 ஆண்டு. தமிழைக் கல்லூரியில் ஏற்றப் பத்தாண்டு முயன்றும் பயனில்லையே என்று சோர்வார் இக் கணக்கை நினைவிற் கொள்க.

1968-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இரவு அப் பேட்டைத் தெருக்களில் மாணவர் பாவுகற்களைப் பெயர்த்து அரண் எழுப்பிக் காவலரை எதிர்த்தனர். அவ் வெழுச்சியில் சுவர்தோறும் எழுதப்பட்ட முழக்கங்கள் பிரெஞ்சு முழக்கங்கள். அப்பம் விற்றவளும் படிக்கத்தக்கவை.

இரவு வாழ்விலும் இம் மொழியின் தடம் உண்டு. பழந்திரைப்படங்கள் ஓடும் சிற்றரங்குகள் நிறைந்த தெருவிற்கு, எகிபதியப் பட எழுத்தைப் படித்தறிந்த சம்போலியன் பெயரிட்டிருக்கின்றனர். எழுத்தறிஞனுக்கு இதனினும் நல்ல நினைவுக்கல் எது? அத் தெருவிலிருந்த அரங்கொன்றில் 1950-இல் முதன்முதல் நடிக்கப்பட்டது இயோனெசுக்கோவின் 'வழுக்கைத்தலைப் பாடகி'. ஆங்கிலம் கற்கப் புகுந்த அவர், பயிற்சிநூலிற் கண்ட உயிரற்ற உரையாடல்களே அந் நாடகத்திற்குக் கருவாயின. 1957 முதல் உசேத்துத் தெருவின் சிறிய அரங்கில் அந் நாடகம் தொடர்ந்து நடிக்கப்பட்டு வருகின்றது. ஆங்கிலப் பாடநூலின் வெறுமை, பிரெஞ்சு மக்களை அறுபதாண்டிற்கு மேலாகச் சிரிக்க வைக்கின்றது.

உலகத்தார் அறிய ஆங்கிலத்தில் எழுதவேண்டாவா என்பார்க்கும் அப் பேட்டை விடை வைத்துள்ளது. அங்குள்ள கொலேசு தெ பிரான்சில் வடமொழிப் பேராசிரியராய் விளங்கிய சூல் பிளாக்கு, திரவிட மொழிகளின் இலக்கணக் கட்டமைப்பை ஆய்ந்து 1946-இல் நூல் வெளியிட்டார், பிரெஞ்சில். வேண்டியவர் அதனை 1954-இல் பூனாவில் ஆங்கிலத்திற் பெயர்த்துக்கொண்டனர். சரக்கிருந்தால் உலகம் மொழிபெயர்ப்பாளனோடு வாயிலில் வந்து நிற்கும்.

எனினும் பிரெஞ்சுக்காரரைத் தெய்வமாக்கவும் வேண்டா. பிரெத்தோன், ஒக்சித்தான் முதலிய தம் மண்ணின் மொழிகளைப் பள்ளியினின்று விரட்டியவரும் அவரே. இன்றோ அவர்தம் கோட்டையிலும் விரிசல் கண்டுள்ளது. கற்பித்தலும் தேர்வும் ஆய்வேடும் பிரெஞ்சிலேயே என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. 2013-இல் வந்த உயர்கல்விச் சட்டம் விலக்குகளை விரித்து, அயன்மொழி வகுப்புகளுக்கு வழிவிட்டது. கொலேசு தெ பிரான்சில் பேராசிரியராயிருந்த மொழியியலறிஞர் குளோது அசேசு கடுமையாய் எதிர்த்தும் சட்டம் நிறைவேறிற்று. வாடகை ஏற்றத்தால் மாணவரும் அப் பேட்டையை விட்டு விலகுகின்றனர். புனித மிக்கேல் சதுக்கத்தில் தலைமுறை தலைமுறையாய் மாணவர்க்குப் பொத்தகம் விற்ற சிபேர் கடைகள் 2021-இல் மூடப்பட்டன. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எஞ்சிய கூறுகள் இன்றும் செயலில் உள்ளன. ஆகவே சரிவின் கீழுள்ள உணவகத்தின் விலைப்பட்டியல் பிரெஞ்சில் இருந்தே தீரவேண்டும். மேட்டின்மேல் நிகழும் முதுகலை வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம்.