மைக்கைக் கீழே வையுங்கள், தம்பிகளே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருவுக்கு ஒரு கிறிஸ்தவ இளைஞர் குழு வந்தது. புதுச்சேரியில் எந்தப் பங்கு என்று சொல்லப் போவதில்லை. அது என் சொந்தப் பங்காகவும் இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். பதினைந்து பேர், ஒரே நிறச் சட்டை, ஒரு கிட்டார், ஒரு மைக். இரண்டு பாட்டுப் பாடினார்கள். ஐந்து நிமிடம் பேசினார்கள். வீட்டுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் எதிர் வீட்டு அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. இந்து. மகன் பிரான்சில் இருக்கிறான், அவர் தனியாக இருக்கிறார். அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, இது பென்ஷன் கடுதாசியா பாரு" என்றார். மத்திய அரசு வேலையில் இருந்த கணவரின் குடும்ப ஓய்வூதியம் மூன்று மாதமாக வரவில்லையாம். நவம்பரில் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட் பதிவாகவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரல், ரேகை மிஷினில் விழவில்லை.

அந்தப் பதினைந்து பேர் பையிலும் செல்போன் இருந்தது. முகத்தைப் படம் பிடித்தே அந்தச் சான்றிதழை அனுப்பும் வசதி செல்போனில் வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒருவன், ஒரே ஒருவன், "எப்படி இருக்கீங்க பாட்டி?" என்று கேட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. தயார் செய்தவர்களைத்தான் சொல்கிறேன். விசாரித்தேன். மூன்று நாள் பயிற்சியாம். ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் மேடைப் பேச்சு, ஒரு நாள் சாட்சியம் சொல்வது எப்படி என்று. மூன்று நாளும் வாய்க்குத்தான் பயிற்சி. காதுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு வேறொரு பயிற்சி நினைவுக்கு வருகிறது. 1833-ல் பாரிசில் சட்டம் படித்த பிரெடெரிக் ஓசானாமுக்கு வயது இருபது. மாணவர்களின் விவாதக் கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: உங்கள் திருச்சபை பழம்பெருமை பேசுகிறது, இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று. ஓசானாம் பதில் பேச்சு தயாரிக்கவில்லை. நண்பர்களோடு ஏழைகளின் வீட்டுக்குப் போனார். அவர்களைப் பழக்கியவர் ரோசலி ரந்து என்ற கன்னியாஸ்திரி. மூஃப்தார் வட்டாரத்தின் ஏழைக் குடும்பங்களை ஒவ்வொன்றாக அறிந்தவர். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் நம் பங்குகளில் இன்றும் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

இன்னொரு தயாரிப்பும் வேண்டும். அது கொஞ்சம் கசக்கும். 1745-ல் நம் சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தலித் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டதையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கல் சுவர் போய்விட்டது. ஆனால் பங்கில் உள்ள எல்லா வீட்டிலும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வர நம் பிள்ளைகளை அனுப்புவோமா? எந்தத் தெருவோடு ஊர்வலம் திரும்பிவிடுகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொந்தப் பங்கிலேயே கால் வைக்காத தெரு இருக்கும்போது ஊருக்கு என்ன நற்செய்தி?

"அப்படியானால் இது வெறும் சமூக சேவைதானே, நற்செய்தி எங்கே?" என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டினான், சத்திரக்காரனுக்குக் காசு கொடுத்தான். பிரசங்கம் செய்ததாகவோ மதம் கேட்டதாகவோ இல்லை. அந்தக் கதையைச் சொன்னவருக்கு அது போதுமாக இருந்தது. விண்ணப்பத் தாளோடு பிரசுரத்தைச் செருகிக் கொடுக்கவும் கூடாது. உதவி தூண்டில் ஆகிவிட்டால், வாங்கிக்கொள்கிறவருக்கும் மரியாதை போகும், கொடுக்கிறவருக்கும் போகும்.

நான் கேட்பது கொஞ்சம்தான். இரண்டிரண்டு பேராகப் போகட்டும். ஆறு மாதத்துக்கு அதே மூன்று வீடு. வீட்டுக்காரர் பெயர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்பது தெரிய வேண்டும். போட்டோ வேண்டாம். முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் மனு வாங்கிய கை என்னுடையது. எந்த மனு ஏன் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஒரு பெஞ்சும் ஒரு டீயும் போதும்.

அக்காவின் சான்றிதழை என் பேரன் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டான். அவன் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. அக்கா அவனை உட்காரவைத்து, பிரான்சில் இருக்கும் மகனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.