தண்ணீருக்கா காசு?

கோவில்பட்டியில் இருக்கும் என் தங்கை வீட்டில் போன சித்திரையில் ஒரு சண்டை நடந்தது. காரணம் நகையும் அல்ல, நாத்தனாரும் அல்ல, ஒரு பூனை! "பூனைக்காகவா புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டார்கள்?" என்று சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு, உங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருந்தால், மேலே படியுங்கள்.

பூனையின் பெயர் கருப்பன். கரிசல் மண்ணைப் போன்ற நிறம். கடுவன். மாடி வீட்டில் வளர்வதால் வெளியே போகாது. காலையில் பால்சோறு, மற்ற வேளைகளில் கடையில் விற்கும் உலர்ந்த தீனி. சித்திரை வெயிலில் ஒரு நாள் அது மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தது. முக்கியது, ஈனக் குரலில் கத்தியது. ஒரு சொட்டுச் சிறுநீர் வரவில்லை. தங்கை அதை மலச்சிக்கல் என்று எண்ணிக் கைவைத்தியம் செய்யாமல், உடனே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். சிறுநீர் அடைப்பு! "நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் பூனை பிழைத்திருக்காது, அம்மா" என்றாராம் அவர். அடைப்பை நீக்கி, சில வாரம் பத்தியத் தீனி கொடுக்கச் சொன்னார். பிறகு, "இனி ஈரத் தீனியும் கொடுங்கள். இதன் உடம்பில் தண்ணீர் சேர வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

பத்தியம் முடிந்ததும் தங்கை ஈரத் தீனிப் பைகள் வாங்கி வந்தாள். அன்றுதான் சண்டை. தங்கையின் கணவர் கடலை மிட்டாய் வியாபாரி. காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர். நான் போய் இறங்கியதும் பையை என் கையில் கொடுத்தார்.

"மதினி, நீங்களே நியாயம் சொல்லுங்கள். இந்தப் பையிலே நூற்றுக்கு 82 பங்கு ஈரம் என்று அவனே அச்சடித்திருக்கிறான். புரதம் வெறும் 9. உலர்ந்த தீனியிலேயோ புரதம் 30! எங்கள் ஊரிலே தண்ணீர் அருமைதான். அதற்காகப் பையில் அடைத்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?"

கேள்வி நியாயமாகத்தானே இருக்கிறது? நானும் முதலில் திகைத்துப் போனேன். பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

"தம்பி, பாகு காய்ச்சும்போது தண்ணீர் வற்றிய பிறகு நிற்பதுதானே சரக்கு? அப்படியே இரண்டு தீனியிலும் தண்ணீரை வற்ற வைத்துப் பாருங்கள்" என்றேன்.

ஈரத் தீனியில் 82 பங்கு தண்ணீர் போனால் மிச்சம் 18. அதில் புரதம் 9. அதாவது சரிபாதி! நூற்றுக்கு 50. உலர்ந்த தீனியில் 10 பங்குதான் ஈரம், மிச்சம் 90. அதில் புரதம் 30. நூற்றுக்கு 33 தான். எது சத்துள்ள சரக்கு? தங்கையின் கணவர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தார், பிறகு பேசவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல் சத்து, ஈரம் ஐந்தையும் கூட்டி நூறில் கழித்தால் வருவது மாவுச்சத்து. பையில் அதை அநேகமாக அச்சிட மாட்டார்கள். சாம்பல் சத்தையும் சில பைகளில் காணோம். அப்போது ஈரத் தீனிக்கு 2, உலர்ந்த தீனிக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உத்தேசக் கணக்குத்தான். ஏனென்றால் புரதமும் கொழுப்பும் "இதற்குக் குறையாது" என்றும், நாரும் ஈரமும் "இதற்கு மேற்படாது" என்றுமே போட்டிருக்கும். ஆனாலும் இரண்டு பைகளை ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

பூனைக்கு மாவைவிட மாமிசம் எதற்கு என்கிறீர்களா? எங்கள் பாட்டி வீட்டைச் சொல்கிறேன். கம்பும் சோளமும் நிரம்பிய மண் குலுக்கைகள். மூலையில் பருத்திக்கொட்டை மூட்டை. எல்லாவற்றுக்கும் காவல் ஒரு பூனை. பாட்டி அதற்கு ஒரு கை பால்சோறு வைப்பாள். "பால்சோறு தின்றே எத்தனை கொழுகொழுவென்று இருக்கிறது, பார்!" என்பாள். பாவம், பாட்டிக்குத் தெரியாது. அடுப்படியில் நடந்தது சிற்றுண்டி. சாப்பாடு நடந்தது குலுக்கைக்குப் பின்னால்! ஓர் எலியின் உடம்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும். மாவுச்சத்து மிகவும் சொற்பம். பூனைக்கு இயற்கை தந்த ஈரத் தீனி அதுதான்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனை. இரையிலேயே தண்ணீர் கிடைத்ததால் அதற்குத் தாகம் அதிகம் எடுப்பதில்லை. உலர்ந்த தீனி தின்னும் பூனை கிண்ணத்துத் தண்ணீரைச் சற்று அதிகம் குடிக்கும். ஆனாலும் ஈரத் தீனி தின்னும் பூனையின் உடம்பில் சேரும் அளவுக்கு ஈடாகாது. கருப்பனின் மாடி வீட்டில் எலி ஏது? பால்சோறு மட்டும் மிஞ்சியது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை.

இன்னொரு முக்கியமான பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: டாரின். மாமிசத்திலும் மீனிலும் இருக்கும் சத்து இது. அரிசியில் கிடையாது, பருப்பில் கிடையாது. நம் உடம்பு இதைத் தானே தயாரித்துக் கொள்ளும். பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிக்காது. டாரின் குறைந்தால் பூனையின் கண் கெடும் என்று 1975 ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்தார்கள். 1987 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பால் பயான் என்ற மிருக வைத்தியரும் அவருடைய சகாக்களும் இன்னொன்றைக் கண்டார்கள். இதயம் வீங்கிச் சாகும் பூனைகளுக்கு இரத்தத்தில் டாரின் மிகக் குறைவு! அவற்றில் பல, கடையில் விற்ற பெயர்பெற்ற தீனியையே தின்று வளர்ந்தவை. டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. கம்பெனிகளும் தீனியில் டாரினைக் கூட்டின. அந்த நோய் அபூர்வமாயிற்று. டப்பாவில் அடைத்துச் சூடேற்றிய தீனிக்கு டாரின் அதிகம் தேவை. ஆகையால் அமெரிக்க விதிப்படி, தண்ணீர் நீக்கிய கணக்கில் உலர்ந்த தீனிக்கு நூற்றுக்கு 0.1 போதும், டப்பாத் தீனிக்கு 0.2 வேண்டும்.

இனி, கடையில் நின்று என்ன பார்ப்பது?

முதலில், "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்ற சொற்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது முழுச் சாப்பாடு. "காம்ப்ளிமென்டரி" என்றிருந்தால் அது வெறும் தொடுகறி; அதை மட்டும் போட்டுப் பூனையை வளர்க்கக் கூடாது. மீன் துண்டுகள் பளிச்சென்று தெரியும் அழகான டப்பாக்கள் பல இந்த இரண்டாம் ஜாதிதான். குட்டிக்கா, வளர்ந்ததற்கா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில் வரும். கோழி, மீன், ஈரல் என்று பெயர் சொல்லி முன்னால் நிற்பது நல்லது. ஈரலும் நுரையீரலும் "உப பொருள்கள்" என்ற பெயரில் வந்தால் பயப்பட வேண்டாம். எலியைத் தின்னும் பூனை அதையெல்லாம் ஒதுக்கியா வைக்கிறது? வெளிநாட்டு டப்பாக்களில் சூரை மீனின் கறுப்புச் சதை இருக்கும். தாய்லாந்து ஆலைகளில் வெள்ளைச் சதை மனிதருக்குப் போக, இது பூனைக்கு வருகிறது. குற்றமில்லை. குழம்பைக் கெட்டிப்படுத்தும் "குவார் கம்" என்ன தெரியுமா? நம் கொத்தவரை விதையின் பிசின்தான்!

மூன்றாவது, பட்டியலில் டாரின் உண்டா?

வீட்டு மீனே கொடுக்கலாமே என்பீர்கள். தூத்துக்குடி மீன் நம் ஊருக்குத் தினமும் வருகிறதுதான். வேக வைத்து, முள் நீக்கி, உப்பும் காரமும் இல்லாமல் இடையிடையே கொடுங்கள். சில பச்சை மீன்கள் பி1 வைட்டமினை அழித்துவிடும். மீன் ஒன்றையே நாள் முழுதும் போட்டாலும் சத்துக் குறைவு வரும். குழம்பு மீனைக் கொடுக்கவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

செலவுக்கு என்ன வழி? 4 கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். 85 கிராம் பை ஒன்றில் 70 கலோரிகூட இராது. பையை மட்டும் நம்பினால் மூன்றாவது வேண்டும், குடும்பம் தாங்குமா? தங்கை வீட்டில் இப்படிச் சமாதானம் ஆயிற்று: காலையில் ஒரு பை, அதில் இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்து. இரவில் உலர்ந்த தீனி, கிண்ணத்தால் அளந்து. வீட்டில் மூன்று இடங்களில் தண்ணீர். பால்சோறு கிடையாது. வைத்தியர் கேட்டுச் சம்மதித்தார். உங்கள் பூனைக்கு நோய் இருந்தால் நீங்களும் கேட்டே செய்யுங்கள். பிரித்த பையைக் கரிசல் காட்டு வெயிலில் வைக்காதீர்கள். மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுவேளை குளிர்ச்சி நீங்கிய பிறகு கொடுங்கள்.

நான் புறப்படும் அன்று காலையில் அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தங்கையின் கணவர் கருப்பனுக்கு முன்னால் குந்தி, பையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். "82 பங்கு தண்ணீர்டா. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் நக்கு!" என்றார். கருப்பனும் மிச்சம் வைக்கவில்லை.