ஒற்றைக்கண் மீனும் நமது பொறுப்பும்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்த்தல் நகர மக்களிடையே நன்கு பரவிவிட்ட ஒரு பொழுதுபோக்கு. பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூரிபா சாலையில் 1983-ஆம் ஆண்டில் அரசாங்க மீன் காட்சிச்சாலை ஏற்பட்டது. சிறு வயதில் அதைக் கண்டு வியந்த பலருள் நானும் ஒருவன். அந்த வியப்பே பிற்காலத்தில் என் வீட்டிலும் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தது. அத்தொட்டியில் நிகழ்ந்த ஒரு சிறு விபத்தே இக்கட்டுரைக்குக் காரணம்.

பல இன மீன்களை ஒன்றாக விட்டு வளர்க்கும் தொட்டியை ஆங்கில நூல்கள் ‘கம்யூனிட்டி டாங்க்’ என்கின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் இதனை ஒரு சமயம் ‘சமூகத் தொட்டி’ என்று எழுதி வைத்தேன். எழுதிய பின்னர்தான் அச்சொல் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. சமூகம் என்பது ஒன்றுகூடி வாழப் பழகியவர்களின் கூட்டம். நம் தொட்டியில் உள்ளவையோ வெவ்வேறு கண்டங்களின் ஆறுகளையும் குளங்களையும் சேர்ந்த இனங்கள். அவற்றை ஒன்று சேர்த்தது இயற்கையன்று. நிறப் பொருத்தம் பார்த்த நம் கண்களே.

என் பிழையும் அதுவே. புடைத்த கண்களையுடைய கரிய தங்கமீன் ஒன்றை, வரிப்புலி போன்ற பட்டைகளையுடைய ‘டைகர் பார்ப்’ மீன்கள் மூன்றுடன் சேர்த்து வைத்தேன். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, மெல்ல நீந்துவது. பார்ப் மீனோ வெதுவெதுப்பான நீருக்குரியது, விரைந்து பாய்வது, பிற மீன்களின் துடுப்புகளைக் கடிக்கும் இயல்புடையது. ஆறேழு மீன்களுக்குக் குறையாத கூட்டமாக இருப்பின் அவை பெரும்பாலும் தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். இரண்டு மூன்றாக இருந்தால் அயலாரைத் துன்புறுத்தும். ஒரு நாள் காலையில் பார்த்தபோது தங்கமீனின் இடக்கண் இருந்த இடத்தில் வெண்மையான குழி ஒன்றே இருந்தது.

இத்தகைய மீனை என்ன செய்வது? ‘எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று வாங்குங்கள்’ என்பதே சாதாரணமாகக் கிடைக்கும் யோசனை. புது மீனின் விலை மருந்தின் விலையைவிடக் குறைவு என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். இந்த யோசனை விஞ்ஞானத்திற்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது என்பது என் கருத்து.

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். மீனுக்குக் கண் ஒன்றே வழிகாட்டியன்று. அதன் உடலின் இரு பக்கங்களிலும் தலையிலும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு அமைந்திருக்கிறது. இதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள், நம் உட்செவியில் உள்ளவற்றைப் போன்றவை. நீரில் உண்டாகும் மிகச் சிறிய அசைவையும் இவை உணரும். தொட்டியின் சுவரும் கல்லும் அருகில் வரும் மற்றொரு மீனும் நீரோட்டத்தில் உண்டாக்கும் மாறுதலைக் கொண்டே மீன் அவற்றை அறிந்துகொள்கிறது. இதனுடன் மோப்பமும் சுவையும் சேர்ந்துகொள்ள, கண்ணில்லாத நிலையிலும் இரை தேட வழி உண்டு.

இயற்கையிலேயே கண்ணிழந்த மீன்கள் இதற்குச் சான்று. மெக்சிகோ நாட்டுக் குகைகளில் வாழும் குருட்டு மீனை விஞ்ஞானிகள் 1936-இல் விவரித்தனர். இன்று அது வீட்டுத் தொட்டிகளிலும் வளர்க்கப்படுகிறது. நம் நாட்டிலும் கோட்டயத்தில் ஒரு கிணற்றில் கிடைத்த கண்ணற்ற சிறு கெளுத்தியை மேனன் என்னும் அறிஞர் 1950-இல் விவரித்து, ஹோராக்ளானிஸ் கிருஷ்ணை என்று பெயரிட்டார். பூமிக்கடியிலுள்ள நீரில், இருளிலேயே வாழ்வது அது.

ஆயினும் இவ்வுதாரணங்களைக் கொண்டு நாம் எளிதில் ஆறுதல் அடைந்துவிடலாகாது. குகை மீன் கண்ணை இழந்தது எண்ணற்ற தலைமுறைகளில். அதற்கு ஈடாகப் பிற புலன்கள் அதனிடம் வலுப்பெற்றன. நம் தொட்டி மீனோ ஒரே இரவில் இழக்கிறது. அதற்கு ஈடு செய்ய வேண்டியவர் வளர்ப்பவரே.

இழந்த கண் மீண்டும் வளருமா என்று வாசகர் கேட்கலாம். மீன்களுக்குப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் மிகுதி என்பது உண்மை. நம் நாட்டு ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன், 1822-இல் ஹாமில்டன் எழுதிய கங்கை மீன்கள் பற்றிய நூலில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது பயன்படுகிறது. அதன் துடுப்பை வெட்டினால் இரண்டு மூன்று வாரங்களில் வளர்ந்துவிடும். விழித்திரை சேதமுற்றாலும், அங்குள்ள துணையணுக்கள் பெருகிப் புதிய நரம்பணுக்களைத் தோற்றுவிக்கும். மனிதக் கண்ணுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆனால் கண் முழுவதும் போய்விட்டால் மீனுக்கும் அது திரும்புவதில்லை. குழி மூடித் தோல் படர்வதே நாம் எதிர்பார்க்கக்கூடிய குணம்.

அந்தக் குணமும் தானே வந்துவிடாது. நன்னீர் மீனின் குருதியில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். ஆதலால் நீர் இடைவிடாது உடலுக்குள் புக முயல்கிறது. உப்பு வெளியேற முயல்கிறது. தோலும் செதிலும் அவற்றின் மேலுள்ள வழவழப்பான படலமும் இதற்குத் தடையாக நிற்கின்றன. காயம் பட்ட இடத்தில் அத்தடை உடைகிறது. அவ்வழியே பாக்டீரியாக்களும் பூஞ்சை போன்ற உயிர்களும் நுழைகின்றன. எனவே காயமுற்ற மீனைத் தனியே ஒரு சிறு தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது அதன் உடலுக்குள்ள சுமையைக் குறைக்கும். குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால் அதை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். கழிவும் தின்னாத உணவும் அழுகினால் அம்மோனியா பெருகும். ஆகையால் நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். மருந்தைவிடத் தூய நீரே பெரிய மருந்து. காயம் சிவந்து வீங்கினாலும், பஞ்சு போன்ற படலம் தோன்றினாலும் அறிந்தவரைக் கலந்து மருந்திட வேண்டும்.

குணமான பின் மீனை விரைந்து பாயும் இனங்களோடு மீண்டும் சேர்க்கலாகாது. கூர்மையான கற்களை அகற்றிவிட வேண்டும். மற்றப் பொருள்களை அடிக்கடி இடம் மாற்றாதிருத்தல் நலம். உணவை ஒரே நேரத்தில், ஒரே மூலையில், பார்வையுள்ள பக்கமாக இட்டால் மீன் விரைவில் பழகிக்கொள்ளும். என் தங்கமீன் முதல் சில நாள்கள் இரையைத் தவறவிட்டு வட்டமிட்டது. மூன்றாம் வாரத்தில் நான் தொட்டியருகே செல்லும்போதே தன் மூலைக்கு வந்து காத்திருந்தது.

இனி அறத்தைப் பார்ப்போம். மீனுக்கு வலி உண்டா என்ற வினா இன்னும் விவாதத்திற்கு உரியதே. 2003-இல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட டிரவுட் மீன்கள் உணவை நீண்ட நேரம் தவிர்த்தன. உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்துக்கொண்டன. இதற்கு மாறான கருத்துடைய விஞ்ஞானிகளும் உளர். ஆனால் ஐயம் இருக்குமிடத்தில் இரக்கத்தின் பக்கம் சாய்வதே நம் மரபு. பிராணிவதைத் தடையை வேண்டி ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அம்முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் சட்டம் பிறந்தது. மனிதன் ஒழிந்த எல்லா உயிரினமும் பிராணியே என்று அச்சட்டம் வரையறுத்தது. மீனை அது விலக்கவில்லை.

துன்பம் தீராத நிலையில், உண்ணவும் இயலாத மீனுக்கு விரைவான முடிவு தருவதே கருணை என்பாரை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கண் போனது அந்நிலையன்று. சாக்கடையில் எறிவதும் கருணையன்று. ஏரியில் விடுவது இன்னும் கேடு. தொட்டிகளிலிருந்து தப்பிய உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன.

குணப்படுத்துவதைவிடத் தடுப்பது எளிது. அதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. வண்ண மீன் விற்கும் ஒவ்வொரு கடையிலும் தொட்டிதோறும் ஐந்து வரியில் ஓர் அட்டை இருக்கட்டும்: மீனின் பெயர், முழு வளர்ச்சியில் அதன் நீளம், விரும்பும் வெப்பநிலை, எத்தனை மீன்களாக வாழும், எவற்றோடு சேர்க்கலாகாது. பெங்களூரில் அது கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பின் வாங்குவோர் அனைவருக்கும் விளங்கும். வாங்குவோர் கலப்பு நிறத்தையே கேட்கின்றனர் என்று வணிகர் கூறலாம். உண்மைதான், ஆனால் அறியாமல் கேட்கின்றனர். நானும் அறியாமல்தான் கேட்டேன். அத்தகைய அட்டை ஒன்று அன்று என் கண்ணில் பட்டிருந்தால், என் மீனின் கண் தப்பியிருக்கும்.