றிம்மின் பளபளப்பும் மழைநாள் பிறேக்கும்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நம் நாட்டில் பலர் கிடப்பிற் கிடந்த சைக்கிள்களை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தனர். நல்ல சட்டத்தை வைத்துக்கொண்டு, சில்லை மட்டும் விருப்பப்படி புதிதாகக் கட்டுவிப்போரும் உளர். அவர்கள் றிம்மைத் தெரிவு செய்கையில் நிறத்தையே முதலில் பார்க்கின்றனர். கறுப்பா, வெள்ளியா, பளபளக்கும் குறோமா என்பதில் முடிந்துவிடுகின்றது ஆராய்ச்சி. பிறேக் கட்டை றிம்மின் எப்பகுதியைப் பற்றுகின்றது என்று பார்த்த பின்னரே நிறத்துக்கு வரவேண்டும் என்பது என் கருத்து.

குறோம் முலாமிட்ட உருக்கு றிம் அழகானதுதான். பழைய றலி சைக்கிளுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆனால் நனைந்த குறோமில் இறப்பர்க் கட்டை வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சந்தியை நெருங்கும்போது பிறேக்கை இறுகப் பிடித்தும் சைக்கிள் ஓடிக்கொண்டே இருப்பதை அதில் சென்றவர்கள் அறிவர். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் சைக்கிளுக்கு அழகுக்காகக் குறோம் றிம் போடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். முலாம் பெயர்ந்த இடத்தில் கடற்காற்று துருவேற்றிவிடும் என்பது வேறு. அலுமீனிய றிம் மழையிலும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும், பாரமும் குறைவு.

அலுமீனியத்திலும் ஒரு மயக்கம் உண்டு. அனோடைஸ் செய்தல் என்பது அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தின் மேற்பரப்பை ஒட்சைட்டுப் படையாக மாற்றுவது. மெல்லிய படை அரிப்பைத் தடுக்கும், சாயமும் ஏற்கும். தடித்த, கருஞ்சாம்பல் நிறப் படையை வலிமையின் அடையாளமாக விற்றார்கள். பிரான்சின் மவிக் நிறுவனம் எம்ஏ2 என்ற வெள்ளி நிற றிம்மையும், அதன் தடித்த படையிட்ட வடிவமான எம்ஏ40 ஐயும் விற்றது. 'தி பைசிக்கிள் வீல்' என்ற நூலை எழுதிய பொறியியலாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட், அத்தகைய படை றிம்மை வலுப்படுத்துவதில்லை, அதில் தோன்றும் நுண்வெடிப்புகள் உலோகத்துக்குள்ளும் பரவும் என்று நெடுங்காலம் வாதிட்டார். படை கடினமானது, ஆகவே நொறுங்கும் தன்மையுடையது. கம்பித் துவாரங்களைச் சுற்றி வெடிப்புத் தொடங்குவதற்கு அவர் கூறிய காரணம் எனக்கு ஏற்புடையதாகவே படுகின்றது.

பக்கச் சுவரும் கறுப்பாக உள்ள றிம்மில் கட்டை உரசும் இடம் சில மாதங்களிலேயே திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். கறுப்புத்தான் வேண்டுமென்றால், பக்கச் சுவர் கடைந்து வெள்ளியாக விடப்பட்டதை வாங்குங்கள். டிஸ்க் பிறேக் பூட்டிய சைக்கிளானால் இந்தக் கவலையே இல்லை; சிவப்போ பச்சையோ மனம் போல் போடலாம்.

பழைய வண்டிக்காரர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றின் முன்சில்லில் பெரும்பாலும் 32 கம்பிகளும் பின்சில்லில் 40 கம்பிகளும் இருக்கும். இன்று அழகான றிம்கள் பலவும் 32 அல்லது 36 துவாரங்களுடனேயே வருகின்றன. கோல் பிறேக் உள்ள வண்டியிலோ கட்டை றிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி அழுத்தும். பக்கவாட்டுப் பிறேக்குக்கென உருவாக்கிய அலுமீனிய றிம் அதற்கு உதவாது. பணம் கொடுக்குமுன் பழைய சில்லையும் கடைக்கு எடுத்துச் சென்று துவாரங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.